கண்ணாடித் தட்டும் வன்வட்டு அடுக்கும்: ஒரு நூற்றாண்டுச் சூரியனைக் காத்துவைத்தல்

இது நீண்ட பதிவு. அறிவியல் வரலாறு, ஆவணவியல், கணினியியல் ஆகிய மூன்று துறையினரும் தத்தம் கோணத்திலிருந்து வாசிக்கலாம் என்பதால் கலைச்சொற்களை இயன்றவரை விளக்கியே எழுதியிருக்கிறேன்.

1. எண்ணப்படும் பொறி, எண்ணப்படாத பெட்டி

இந்தியாவில் கணினி வேரூன்றிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கணக்கிடும் பொறியையே நாயகனாக வைத்து எழுதுகின்றனர். பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். இந்திய அறிவியல் கழகத்தில் 1970களில் இயங்கிய ஐ.பி.எம். 360/44, தேசிய வானூர்தியியல் ஆய்வகத்தில் 1986இல் தொடங்கிய ஃபுளோசால்வர் திட்டம், 1990இல் அறிவியல் கழகத்தில் அமைந்த மீக்கணினிக் கல்வி ஆய்வு மையம், 2015இல் அங்கு நிறுவப்பட்ட சஹஸ்ராட், 2022இல் வந்த பரம் பிரவேகா என்று வரிசை நீளும். பரம் பிரவேகாவின் வேகம் 3.3 பெட்டாஃபிளாப் என்பது செய்தித்தாள் வாசித்த மாணவருக்கும் தெரியும். அதனுடன் 4 பெட்டாபைட் சேமிப்பகம் ஒன்றும் நிறுவப்பட்டது என்பதை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே.

இந்த மறதிக்குக் காரணம் உண்டு. கணக்கிடும் பொறிக்குப் பட்டியல் உண்டு. உலகத் தரவரிசை உண்டு. சேமிப்பகமோ அறையின் ஓரத்தில் ஓர் இரும்புச் சட்டத்துள் ஓசையுடன் சுழன்றுகொண்டிருக்கும் பெட்டி. அது ஒழுங்காக இயங்கும்வரை எவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் ஐந்தாண்டுகளில் கணக்கிடும் பொறி பழையதாகிக் கழிக்கப்படும்போது, அடுத்த பொறிக்குக் கைமாற்றித் தரப்படுவது அந்தப் பெட்டியில் உள்ளதுதான். வரலாற்றாய்வாளர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. இதற்குச் சான்றாக, தமிழ்நாட்டு மலையொன்றில் தொடங்கிப் பெங்களூருடன் பிணைந்த ஒரு தரவுத் தொகுதியை எடுத்துக்கொள்கிறேன்: கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் நூற்றாண்டுப் படங்கள்.

2. பஞ்சமும் சூரியனும்

சென்னை வானாய்வகத்தின் தொடக்கம் வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி 1786இல் தம் சொந்தச் செலவில் அமைத்த ஒரு சிறு நோக்குநிலையம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்குத் தனிக்கட்டடம் எழுந்தது. அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் பொறுப்பில் இருந்த நார்மன் போக்சன், சூரியனை ஒளிப்படமாகவும் நிறமாலையாகவும் பதிவுசெய்யத் தென்னிந்திய மலைகளில் ஒரு தொலைநோக்கி வேண்டும் என்று 1882இல் முன்மொழிந்தார். சென்னை மாகாணத்தைத் தாக்கிய பஞ்சங்கள் அக்கோரிக்கைக்கு அவசரம் தந்தன. பருவமழையின் ஏற்ற இறக்கத்துக்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு இருக்குமோ என்பது அக்காலத்தவரின் உண்மையான வினா. 1893இல் கெல்வின் பிரபுவின் தலைமையில் கூடிய குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. 1899இல் ஆய்வகம் அங்கு இடம்பெயர்ந்தது. மிக்கி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். 1907இல் வந்துசேர்ந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 சனவரியில் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

கண்டுபிடிப்புகளை விடவும் நம் நோக்கில் முக்கியமானது அன்றாடப் பழக்கம். வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வெள்ளொளிப் படங்களும் கால்சியம் நிறக்கோட்டுப் படங்களும், 1912 முதல் ஹைட்ரஜன் நிறக்கோட்டுப் படங்களும் தொடர்ந்து எடுக்கப்பட்டன. முதலில் கண்ணாடித் தட்டிலும் பிற்காலத்தில் படச்சுருளிலும் அவை பதிவாயின. சூரியனின் செயற்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது. ஆகவே நூறாண்டுப் பதிவு என்பது ஒன்பது சுழற்சிகளின் பதிவு. ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்துக்குள் மூன்று சுழற்சிகளைக் காண்பதே அரிது. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் இதே வகைக் கால்சியம் படத்தொடர் 1915இல் தொடங்கி 1985இல் நின்றது. கொடைக்கானல் தொடரின் அருமை இந்த ஒப்பீட்டில் விளங்கும்.

1971இல் இந்த ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. வைணு பாப்பு அதன் தலைமையகத்தைப் பெங்களூரில் அமைத்தார். காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கியும், லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கியும் இதே நிறுவனத்தினுடையவை. ஹான்லே தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் அமர்ந்தபடி செயற்கைக்கோள் இணைப்பின் வழி இயக்குகின்றனர். இவ்வாறு மலைகள் நோக்கும் இடங்களாயின. பெங்களூரு சேர்த்துவைக்கும் இடமாயிற்று.

3. கண்ணாடி எண்ணாக மாறும்போது

கண்ணாடித் தட்டிலுள்ள படத்தை ஆய்வுக்கு உகந்த வகையில் எண்ணாக்குவதற்குச் சாதாரண ஸ்கேனர் போதாது. தட்டின் பின்னிருந்து சீரான ஒளி பாய்ச்சி, குளிரூட்டப்பட்ட சி.சி.டி. படமி கொண்டு, 4096க்கு 4096 புள்ளிகளாக, புள்ளியொன்றுக்கு 16 பிட் செறிவில் பதிவுசெய்தனர். கணக்கைப் பார்ப்போம். 4096ஐ 4096ஆல் பெருக்கினால் ஒரு கோடியே 67 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 33.5 மெகாபைட். நாளுக்கு ஒரு படம் வீதம் நூறாண்டுக்கு 36,500 படங்கள் என்று கொண்டால் 1.2 டெராபைட் ஆகிறது. ஒருவகைப் படத்தின் மூலப்பிரதிக்கு மட்டுமே இக்கணக்கு. பல வகைப் படங்கள், திருத்திய பிரதிகள், அளவீடு செய்த பிரதிகள், இடைநிலைக் கோப்புகள் எல்லாம் சேரும்போது இத்தொகை பன்மடங்காகும்.

இதனை வரலாற்றில் பொருத்திப் பார்க்கலாம். உலகின் முதல் வணிக வன்வட்டுச் சேமிப்பகமான ஐ.பி.எம்.மின் ரேமாக் 1956இல் வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை, கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள். இன்றைய அலகில் ஏறத்தாழ 3.75 மெகாபைட். கொடைக்கானலின் ஒற்றைப் படத்தை வைக்க ஒன்பது ரேமாக் வேண்டியிருந்திருக்கும். 1912இல் ஒரு பார்வையாளர் ஒரு கையால் எடுத்துப் பெட்டியில் செருகிய தட்டு எவ்வளவு செறிவான சேமிப்பகம் என்பதை நாம் இப்படித்தான் உணர முடிகிறது.

4. மலிவான வட்டுகளின் கூட்டு

ஒரு வன்வட்டை நம்பி நூற்றாண்டுத் தரவை வைக்க இயலாது. வட்டு ஓர் இயந்திரம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின்மேல், முடியிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய காற்றுப்படலத்தில் வாசிப்புத் தலை மிதக்கிறது. என்றேனும் ஒருநாள் அது நின்றுபோகும். எந்த நாள் என்பதுதான் தெரியாது.

இதற்கான விடையை 1988இல் வெளியான ஒரு கட்டுரையில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் ஒழுங்குபடுத்தினர். பெரிய, விலையுயர்ந்த வட்டு ஒன்றுக்கு மாற்றாக மலிவான பல வட்டுகளைக் கூட்டாக நிறுத்தி, அவற்றுள் ஒன்று பழுதானாலும் தரவு பிழைக்கும்படி செய்யலாம் என்பது அவர்கள் வாதம். அதுவே ரெய்டு. அதன் தத்துவம் எளியது. மூன்று வட்டுகளில் 4, 7, 2 என்னும் எண்கள் உள்ளன. நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 13ஐ எழுதிவைக்கிறோம். இரண்டாம் வட்டு அழிந்தால் 13இலிருந்து 4ஐயும் 2ஐயும் கழித்து 7ஐ மீட்கலாம். உண்மையில் நடப்பது கூட்டல் அன்று, பிட்டுகளுக்கிடையிலான ஒரு தருக்கச் செயல். ஆயினும் கருத்து இதுவே. கூடுதலாக வைக்கும் இத்தகவல் ஒன்றாயின் ஒரு வட்டின் இழப்பையும், இரண்டாயின் இரு வட்டுகளின் இழப்பையும் தாங்கலாம். இரண்டாம் வகையையே ரெய்டு 6 என்கின்றனர்.

இவ்வட்டுகளைத் தாங்கும் சட்டத்துக்கு இவற்றினும் நீண்ட வரலாறு உண்டு. ரேக் என்று நாம் அழைக்கும் 19 அங்குல அகலச் சட்டம் கணினிக்காகப் பிறந்தது அன்று. தொலைபேசி நிலையங்களில் ரிலே கருவிகளை அடுக்குவதற்காக இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கில் வந்தது. உயரத்தை அளக்கும் அலகு ‘யு’; ஒரு யு என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். வழக்கமான 42 யு ரேக்கின் பயன்படும் உயரம் 1.87 மீட்டர், ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேல். தொலைபேசித் தொழிலாளரின் கைக்கும் தோளுக்கும் ஏற்ப அமைந்த அளவு இன்றைய தரவு மையத்தையும் ஆள்கிறது.

5. நிறுவுதல் என்னும் செயல்

சேமிப்பகத்தை வாங்கிய நாளுக்கும் அதில் முதற்கோப்பை எழுதும் நாளுக்கும் இடையே நடப்பவற்றை எந்த நூலும் வரலாறாகக் கருதுவதில்லை. ஆனால் தரவின் ஆயுளை நிர்ணயிக்கும் முடிவுகள் பல அந்த இடைவெளியில்தான் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு படிக்கும் அதற்குரிய காரணம் உண்டு என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது தரை. 4 யு உயரப் பெட்டியொன்றில் 60 வட்டுகள் வரை அடங்கும். வட்டு ஒன்று 700 கிராம் எடையுள்ளது என்று கொண்டால் வட்டுகள் மட்டுமே 42 கிலோ. பெட்டி, மின்வழங்கி, ரெயில் எல்லாம் சேர்ந்தால் இருவர் தூக்க இயலாத எடை. ஆகவே வெறும் பெட்டியை முதலில் ரேக்கில் ஏற்றி ரெயிலில் பூட்டிய பின்னரே வட்டுகளை ஒவ்வொன்றாகச் செருகுவர். எடை மிக்க பெட்டி எப்போதும் அடித்தட்டில் இருக்கும். மேலே வைத்து வெளியே இழுத்தால் ரேக்கே முன்னோக்கிச் சாயும். ஒரே நேரத்தில் இரு பெட்டிகளை இழுக்கக் கூடாது என்னும் விதியும் இதனால் வந்ததே.

இரண்டாவது மின்சாரம். பெட்டியில் இரு மின்வழங்கிகள் இருக்கும். அவ்விரண்டையும் ஒரே மின்பட்டையில் செருகிவிட்டால் இரண்டு இருந்தும் ஒன்றே. தனித்தனி யு.பி.எஸ்.இலிருந்து வரும் இரு தடங்களில் ஒவ்வொன்றைப் பிணைப்பதே முறை. 60 வட்டுகளும் ஒருங்கே சுழலத் தொடங்கினால் மின்னோட்டம் திடீரென எகிறும்; எனவே சில விநாடி இடைவெளியில் கூட்டம் கூட்டமாக அவற்றைச் சுழலவிடுவர். எர்த்திங் சரியாக உள்ளதா என்று அளந்து பார்க்காமல் பெட்டிக்கு மின்சாரம் தரலாகாது.

மூன்றாவது காற்று. பெங்களூரு கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே உள்ளது. இங்குக் காற்று சென்னையைவிடச் சற்று மெலிந்தது. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது அகற்றும் வெப்பம் சிறிது குறையும். குளிர்ந்த காற்று முன்பக்கம் நுழைந்து வெப்பக்காற்று பின்பக்கம் வெளியேற வேண்டும். காலியான இடங்களை வெற்றுத்தகடு கொண்டு மூடாவிட்டால் பின்னாலுள்ள வெப்பக்காற்று அவ்வழியே முன்னால் திரும்பிவந்துவிடும். காற்றின் பங்கு இன்னும் ஆழமானது. வாசிப்புத் தலை மிதப்பதே காற்றின்மீது என்பதால் சாதாரண வன்வட்டுகளை 3,000 மீட்டர் உயரம் வரைதான் இயக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் வரையறுக்கின்றனர். கொடைக்கானல் 2,343 மீட்டர்; தாங்கும். ஹான்லே 4,500 மீட்டர்; தாங்காது. 2019இல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்ட பன்னாட்டுக் குழு, உயர்ந்த மலைகளில் தரவைப் பதிய ஹீலியம் நிரப்பி முத்திரையிட்ட வட்டுகளைக் கையாண்டது. பதிந்த வட்டுகளை விமானத்தில் ஏற்றியே கொண்டுசென்றது. தரவு எங்கே பிறக்கிறது, எங்கே தங்குகிறது என்பதைப் புவியியலும் தீர்மானிக்கிறது.

நான்காவது பழக்குதல். புதிய வட்டுகளில் சில முதல் சில வாரங்களிலேயே பழுதாகும் இயல்புடையவை. அதனால் மெய்யான தரவை எழுதும் முன் பல நாள் முழுவதுமாக எழுதியும் வாசித்தும் சோதிப்பது நல்ல வழக்கம். ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் செய்யப்பட்ட வட்டுகள் ஒரே குறையைக் கொண்டிருக்கக்கூடும். இயன்றால் வெவ்வேறு தொகுதியிலிருந்து பெறுவர்.

ஐந்தாவது கூட்டமைப்பு. எத்தனை வட்டுகளை ஒரு குழுவாக்குவது, எத்தனை வட்டுகளை மாற்றாகக் காத்திருக்கச் செய்வது என்பது கொள்ளளவுக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான பேரம். 16 டெராபைட் வட்டு ஒன்று பழுதானால், நொடிக்கு 200 மெகாபைட் வீதம் அதன் உள்ளடக்கத்தை மீட்டெழுத 80,000 நொடிகள், அதாவது 22 மணி நேரம் ஆகும். ஆய்வாளர்கள் இடையறாது கோப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது நாள்கணக்கில் நீளும். அந்நேரம் முழுவதும் மீதி வட்டுகள் கடுமையாக உழைக்கின்றன. அவற்றுள் இன்னொன்று விழுந்தால்? இவ்வினாவே பெரிய வட்டுகள் வந்தபின் ரெய்டு 6ஐப் பரவலாக்கியது.

ஆறாவது பெயரிடல். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும், ஒவ்வொரு வட்டின் முகப்பிலும் சீட்டு ஒட்ட வேண்டும். இரண்டாண்டு கழித்து ஒரு நள்ளிரவில் ஒருவர் பழுதான வட்டுக்கு மாறாக நல்ல வட்டை உருவிவிட்டால், அதுவரை செய்த காப்பெல்லாம் வீண். எளிய ஒட்டுச்சீட்டு பல இலட்சம் ரூபாய் பெறுமான கருவிக்கு நிகரான காவலன்.

6. ரெய்டு செய்யாதது

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது. ரெய்டு வட்டின் சாவிலிருந்து காக்கும். தவறுதலாகக் கோப்பை அழித்தால் அந்த அழிப்பையும் எல்லா வட்டுகளிலும் ஒழுங்காகச் செய்துமுடிக்கும். தீ, வெள்ளம், மின்னல், தீநிரல் ஆகியவற்றுக்கு முன் அது ஒரே பெட்டிதான். ஆகவே வேறோர் ஊடகத்தில், வேறோர் ஊரில் இன்னொரு பிரதி வேண்டும்.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. எந்த எச்சரிக்கையும் இன்றி ஒரு கோப்பின் சில பிட்டுகள் மாறிவிடலாம். சூரியப் படத்தில் அது ஒரு புள்ளியின் ஒளிர்வை மாற்றும்; ஆய்வாளரோ அதைச் சூரியனின் இயல்பு என்று கருதிவிடக்கூடும். இதற்கு மருந்து சரிபார்ப்பு எண். கோப்பு எழுதப்படும்போதே அதன் உள்ளடக்கத்திலிருந்து ஓர் எண்ணைக் கணித்துவைத்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை மீண்டும் கணித்து ஒப்பிடுவது. வானியலாளர் 1981இல் வெளியிட்ட ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவத்தில் இவ்வெண்ணைப் பொதிந்துவைக்கப் பிற்காலத்தில் வழிசெய்யப்பட்டது. அவ்வடிவத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: பின்னால் எந்த மாற்றம் செய்தாலும் முன்பு எழுதிய கோப்பு செல்லாததாகக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. சேமிப்பகம் மாறிக்கொண்டே இருக்கும் உலகில் வடிவத்தையாவது மாறாமல் வைத்த இந்தத் தொலைநோக்கு போற்றத்தக்கது.

7. ஏடும் தட்டும் வட்டும்

காப்பு என்பதற்கு இரு மரபுகள் உள்ளன. ஒன்று, பொருளைப் பெட்டியில் வைத்துத் தொடாமல் விட்டுவிடுவது. கல்வெட்டும் செப்பேடும் கண்ணாடித் தட்டும் இவ்வகை. பூஞ்சையும் ஈரமும் தட்டின் பூச்சைக் கெடுக்கலாம்; கை தவறினால் உடையலாம். ஆயினும் ஐம்பது ஆண்டு எவரும் கவனிக்காவிட்டாலும் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். பாதி உடைந்த தட்டிலும் பாதிச் சூரியன் இருக்கும்.

மற்றொன்று, தொடர்ந்து படியெடுத்தே காப்பது. பனையோலை இவ்வகை. பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும் முன் அடுத்த தலைமுறை அதைப் பெயர்த்தெழுத வேண்டும். படியெடுக்கும் கை ஒரு தலைமுறை ஓய்ந்தால் நூல் மறையும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடித் திரட்டியதன் காரணமும் இதுவே. ஓர் ஏட்டில் சிதைந்த சொல்லை மற்றோர் ஏடு காத்துவைத்திருந்தது. சிதறிக் கிடந்த பிரதிகளே இலக்கியத்தின் மாற்று வட்டுகள்.

வன்வட்டு பார்வைக்குக் கண்ணாடித் தட்டின் வழித்தோன்றல் போலத் தோன்றினும், இயல்பில் அது ஓலையின் இனம். ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயர்த்தெழுதாவிட்டால் அழியும். பாதி அழிந்த கோப்பு பெரும்பாலும் முழுதும் அழிந்ததற்குச் சமம். கொடைக்கானலின் சூரியன் தட்டிலிருந்து வட்டுக்கு வந்தபோது, தொடாமல் காக்கும் மரபிலிருந்து படியெடுத்துக் காக்கும் மரபுக்கு மாறியது. இம்மாற்றம் ஏற்பட்டதை நிறுவனங்களின் நிதி ஒழுங்கு உணர்ந்துள்ளதா என்பதே இங்குள்ள மெய்யான சிக்கல்.

படியெடுக்கத் தவறினால் நேர்வது என்ன என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. 1969இல் நிலவிலிருந்து வந்த அப்போலோ 11இன் மூலத் தொலைப்பதிவு நாடாக்கள் பிற்காலத்தில் அழித்து மறுபயன்பாட்டுக்கு விடப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே 2009இல் முடிவுக்கு வந்தது. மாறாக, 1960களில் நிலவைச் சுற்றிய லூனார் ஆர்பிட்டர் கலங்களின் நாடாக்கள் கழிக்கப்படாமல் எஞ்சியிருந்தன. ஆனால் அவற்றை வாசிக்கும் கருவி உலகில் அரிதாகிவிட்டது. பழைய கருவிகளைத் தேடிப் பழுதுபார்த்த பின்னரே, 2008இல் தொடங்கிய மீட்புத் திட்டம் அப்படங்களை வெளிக்கொணர்ந்தது. முதற்கதையில் ஊடகம் போயிற்று. இரண்டாவதில் வாசிப்பான் போயிற்று. கண்ணாடித் தட்டுக்கு வாசிப்பான் வேண்டியதில்லை. வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால் போதும்.

8. மூலதனச் செலவும் தொடர்செலவும்

நம் ஆய்வு நிதி பெரும்பாலும் திட்டம் சார்ந்தது. திட்டத்தின் காலம் மூன்று அல்லது ஐந்து ஆண்டு. சேமிப்பகம் அதில் கருவி என்னும் தலைப்பில் ஒருமுறை வாங்கப்படும். வட்டுகளின் உத்தரவாதக் காலமும் பெரும்பாலும் ஐந்தாண்டே. அதன்பின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு எந்தத் தலைப்பில் பணம் வரும்? மாற்று வட்டு வாங்க எவர் கையொப்பமிடுவார்? திட்டத்தில் பணிபுரிந்த பொறியாளரின் ஒப்பந்தமும் அதே நாளில் முடிந்திருக்கும். நூறாண்டு வாழ வேண்டிய தரவை ஐந்தாண்டு வாழும் கருவியில், மூன்றாண்டு நிதியில் வைக்கிறோம். இந்த மூன்று கால அளவுகளின் பொருந்தாமையே இந்திய அறிவியல் ஆவணங்களின் முதன்மையான ஆபத்து என்று கருதுகிறேன். இது எந்த ஒரு நிறுவனத்தின் குறையும் அன்று, நிதியமைப்பின் இயல்பு.

தரவோ பெருகிக்கொண்டே போகிறது. பெங்களூரை அடுத்த பியாலாலுவில், 2008இல் சந்திரயான்-1 ஏவப்பட்ட காலத்தில் அமைந்த இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம், 2015இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டின் தரவையும் காக்கிறது. 2023 செப்டம்பர் 2இல் புறப்பட்டு 2024 சனவரி 6இல் தன் நிலையை அடைந்த ஆதித்யா-எல்1 கலத்தின் முதன்மைக் கருவியான ஒளிவட்ட வரைவியை வடித்தது இந்திய வானியற்பியல் நிறுவனம். நாளொன்றுக்கு 1,440 படங்கள் வரை அது அனுப்பவல்லது. நிமிடத்துக்கு ஒன்று. கொடைக்கானலில் நாளுக்கு ஒரு தட்டு என்றால் 1,440 படங்கள் ஏறத்தாழ நான்கு ஆண்டு உழைப்பு. 1893இல் பஞ்சத்தை முன்னிட்டுத் தொடங்கிய அதே வினாவின் தொடர்ச்சிதான் இது. நூற்றாண்டுக்கு முந்தைய தட்டையும் நேற்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட இயலும்போதுதான் இரண்டும் பொருள் பெறும். இரண்டில் ஒன்று வாசிக்க முடியாமற்போனால் மற்றதன் மதிப்பும் குறையும்.

9. நாம் சேகரிக்க வேண்டியவை

சென்னை வானாய்வகத்தில் போக்சனின் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். அவரை நாம் இன்று அறிவதற்குக் காரணம், நோக்கியவர் யார் என்பதைக் குறித்துவைக்கும் வழக்கம் அங்கு இருந்ததே. தட்டு எடுத்த நாள், நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றைக் குறித்துவைக்கும் அவ்வழக்கம் இல்லாவிடில் நூற்றாண்டுத் தட்டுகளும் வெறும் கண்ணாடியே.

அதற்கு இணையான பதிவு இன்றைய சேமிப்பகத்துக்கு இருக்கிறதா? ரேக்கின் வரைபடம், கொள்முதல் ஆணை, நிறுவிய நாளின் சோதனை அறிக்கை, எந்த வட்டு எந்நாளில் பழுதாயிற்று என்னும் குறிப்பு, ஒரு சேமிப்பகத்திலிருந்து அடுத்ததற்குத் தரவை மாற்றியபோது எத்தனை கோப்புகளின் சரிபார்ப்பு எண் ஒத்துவந்தது என்னும் கணக்கு, அதைச் செய்தவர் பெயர் ஆகிய இவை யாவும் வரலாற்று ஆவணங்கள். பெரும்பாலும் இவை ஒருவரின் மின்னஞ்சலிலோ மடிக்கணினியிலோ இருந்து, அவர் பணிமாறும் நாளில் மறைந்துவிடுகின்றன. ரேக்கைப் பூட்டிய ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர் எங்கும் எழுதப்படுவதேயில்லை.

ஆகவே ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறையின் சேமிப்பகம் அடுத்தமுறை மாற்றப்படும்போது ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: என்ன இருந்தது, எதற்கு மாறியது, யார் மாற்றினர், எது விடுபட்டது. அதை அச்சிட்டு நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். ஆவணவியல் பயில்வோர் தரவு மையங்களையும் களமாகக் கொள்ளுங்கள். அங்குப் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்யக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை. பெங்களூரிலோ பிற ஊர்களிலோ இத்தகைய பணியில் ஈடுபட்டவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், உங்களிடம் உள்ள பழைய நிறுவல் குறிப்புகளைக் கழிக்கும் முன் ஒரு ஆவணக்காப்பகத்திடம் காட்டுங்கள்.